கொக்கும் வக்காவும் கூடு கட்டும் காலம்: பிச்சாவரம் பக்கம் பறவை எண்ண வருபவர்கள் கேட்கும் கேள்விகள்

பிச்சாவரத்தின் கடற்பறவைக் குடியிருப்புகளில் கூடு எண்ணும் தொண்டர் குழு நாங்கள். ஐப்பசி மழை பிடித்துக்கொண்டால் எங்களுக்குத் தொலைபேசி வரத் தொடங்கிவிடும். கடலூரிலிருந்து, சிதம்பரத்திலிருந்து, புதுச்சேரியிலிருந்து. கல்லூரிப் பிள்ளைகள், ஓய்வு பெற்ற ஆசிரியர்கள், புதிதாகத் தொலைநோக்கி வாங்கியவர்கள். "இந்த வருஷம் எண்ணப் போறீங்களா, நானும் வரலாமா?" என்பார்கள். கூடவே கேட்கும் கேள்விகளும் பெரும்பாலும் ஒன்றுதான். அவற்றுக்கு நாங்கள் சொல்லும் பதில்களை இங்கே எழுதி வைத்திருக்கிறோம். படகில் ஏறும் முன் ஒரு தடவை முழுக்கப் படித்துவிடுங்கள்.

கடற்பறவைக் குடியிருப்பு என்கிறீர்களே, நம் பக்கம் அப்படி எந்தப் பறவை இருக்கிறது?

நடுக்கடலில் வாழ்ந்துகொண்டு முட்டையிட மட்டும் தரைக்கு வரும் பறவைகள் ஆயிரக்கணக்கில் கூடு வைக்கும் தீவு நம் கரையில் கிடையாது. இந்தியாவில் அதைப் பார்க்க லட்சத்தீவின் பிட்டி மணல்திட்டுக்கோ, மகாராஷ்டிரக் கடலில் இருக்கும் வெங்குர்லா பாறைகளுக்கோ போக வேண்டும். நம் பக்கம் இருப்பது வேறு மாதிரி.

வெள்ளாற்றுக்கும் கொள்ளிடத்துக்கும் நடுவில் பிச்சாவரம் சதுப்புநிலக் காடு இருக்கிறது. சுரபுன்னை, கண்டல், தில்லை எல்லாம் உப்புத் தண்ணீரில் வேர் ஊன்றி நிற்கின்றன. சிதம்பரத்துக்குத் தில்லை என்று பெயர் வந்ததே இந்த மரத்தால்தான். உலக அளவில் முக்கியமான ஈரநிலங்களைக் குறிக்கும் ராம்சர் பட்டியலில் 2022இல் சேர்ந்த காடு இது. இந்த மரங்களில்தான் சின்ன வெள்ளைக்கொக்கு, உண்ணிக்கொக்கு, மடையான் (குளத்துக்கொக்கு), வக்கா (இராக்கொக்கு), நீர்க்காகம் எல்லாம் ஒன்றை ஒன்று ஒட்டிக் கூடு கட்டுகின்றன. ஒரே மரத்தில் மூன்று நான்கு இனம் மாடி மாடியாகக் குடியிருக்கும். நாங்கள் குடியிருப்பு என்று சொல்வது முக்கியமாக இதைத்தான்.

இன்னொன்று, கழிமுகத்து மணல்திட்டுகளில் பனிக்காலத்தில் வந்து உட்காரும் ஆலாக்களும் (டெர்ன்) கடற்காகங்களும் (கல்). பழுப்புத்தலைக் கடற்காகம் லடாக், திபெத் பக்கத்து உயரமான ஏரிகளில் குஞ்சு பொரித்துவிட்டு இங்கே வருகிறது. இவற்றுக்கு நம் கரை ஓய்வெடுக்கும் இடம் மட்டுமே. ஆனால் ஓய்வெடுக்க விடாமல் விரட்டினால், திரும்பிப் போகும் தூரத்துக்குத் தேவையான கொழுப்பை உடம்பில் சேர்க்க முடியாது. அதனால் இவற்றையும் எண்ணுகிறோம்.

எந்த மாதம் வர வேண்டும்?

கார்த்திகையிலிருந்து மாசி வரை. வடகிழக்குப் பருவமழையில் வயலும் வாய்க்காலும் நிறைந்து, மீன்குஞ்சும் தவளையும் பெருகிய பிறகுதான் கொக்குகள் முட்டையிடும். மழை தள்ளிப்போனால் கூடும் தள்ளிப்போகும். அதனால் தேதி குறித்துவிட்டு வராதீர்கள். காட்டு ஓரத்தில் இருப்பவர்கள் "கொக்கு குச்சி தூக்குது" என்று சொன்னதும் நாங்கள் சொல்லி அனுப்புகிறோம்.

ஒரு தடவை மட்டும் போய் எண்ணினால் போதாது. எல்லா இனமும் ஒரே வாரத்தில் முட்டையிடாது. அடைகாக்க மூன்று வாரத்துக்கு மேல் ஆகும், குஞ்சு பறக்க அதற்கு மேல் ஐந்தாறு வாரம். இரண்டு வாரத்துக்கு ஒரு முறை போனால்தான் முன்னால் கட்டியதும் பின்னால் கட்டியதும் கணக்கில் வரும். ஒவ்வொரு இனத்துக்கும் எந்த நாளில் அதிகக் கூடு இருந்ததோ, அந்த எண்ணையே அந்த ஆண்டின் எண்ணாக எடுத்துக்கொள்கிறோம்.

பறவையை எண்ணுவதா, கூட்டை எண்ணுவதா?

கூட்டை.

புதிதாக வருபவர்கள் தடுமாறும் இடம் இது. மரத்தில் வெள்ளை வெள்ளையாக உட்கார்ந்திருப்பதைப் பார்த்ததும் கை தானாக எண்ணத் தொடங்கிவிடும். ஆனால் அதில் பாதி சும்மா வந்து உட்கார்ந்திருக்கும் இளம்பறவைகளாக இருக்கலாம். கூட்டுக்குச் சொந்தக்காரர்களில் ஒன்று வயலில் மேய்ந்துகொண்டிருக்கும். காலை எட்டு மணிக்கு எண்ணினால் ஒரு எண், பத்து மணிக்கு எண்ணினால் வேறு எண். கூடு அப்படி இடம் மாறாது. ஒரு கூடு என்றால் ஒரு ஜோடி.

ஆனால் எல்லாக் கூட்டையும் எண்ணக்கூடாது. போன வருஷத்துப் பழைய குச்சிக் குவியல்களும் கிளையில் தொங்கிக்கொண்டிருக்கும். ஆள் இருக்கும் கூடு என்று நாங்கள் எழுதுவதற்கு இந்த மூன்றில் ஒன்றாவது வேண்டும்: பறவை அடைகாக்கும் விதமாகத் தாழ்ந்து உட்கார்ந்திருக்க வேண்டும், அல்லது முட்டையோ குஞ்சோ கண்ணில் பட வேண்டும், அல்லது கட்டி முடித்த கூட்டின் மேல் பறவை நின்று, கீழே இலைகளில் புது எச்சம் வெள்ளையாக வழிந்திருக்க வேண்டும். சந்தேகமானால் தனிப் பத்தியில் "சந்தேகம்" என்று எழுதுங்கள். முழு எண்ணோடு சேர்த்துவிடாதீர்கள்.

இனத்தைப் பிரிப்பதிலும் ஒரு கண்ணி உண்டு. பெரிய வெள்ளைக்கொக்குக்கு மஞ்சள் அலகு என்று படித்துவிட்டு வருவார்கள். கூடு கட்டும் காலத்தில் அந்த அலகு கறுத்துவிடும். அதனால் அலகை மட்டும் நம்பாமல், கழுத்தின் நீளத்தையும் பக்கத்தில் இருக்கும் பறவையோடு ஒப்பிட்ட உருவத்தையும் பாருங்கள். உண்ணிக்கொக்கு அந்தக் காலத்தில் தலையிலும் கழுத்திலும் ஆரஞ்சு பூசிக்கொண்டிருக்கும், அதில் குழப்பமே வராது. வக்காவுக்குச் சிவந்த கண். அதன் குஞ்சு பழுப்பில் வெள்ளைப் புள்ளி போட்டு, வேறு பறவை போலவே தெரியும்.

எவ்வளவு கிட்டே போகலாம்?

இதற்கு எண்ணில் பதில் சொல்லச் சொன்னால் 100 மீட்டர் என்போம். எங்கள் படகு அதற்கு உள்ளே போவதில்லை. ஆனால் உண்மையான பதிலைப் பறவைதான் சொல்லும்.

பல வருஷத்துக்கு முன்னால், இந்த வேலையில் புதிதாக இருந்தபோது, நாங்கள் நான்கு பேர் ஒரு கூட்டு மரத்துக்கு நேர் கீழே தோணியைக் கொண்டுபோய் நிறுத்தினோம். முட்டை எத்தனை என்று சரியாக எண்ண வேண்டும் என்ற ஆசை. வக்காக்கள் "க்வாக்" என்று கத்திக்கொண்டு மொத்தமாக எழும்பின. ஐந்து நிமிடம்கூட ஆகியிருக்காது. பக்கத்துக் கண்டல் மரத்தில் இருந்த காக்கை ஒன்று நேராக வந்து, ஆள் இல்லாத கூட்டில் இறங்கி, வெளிறிய நீலநிறத்தில் ஒரு முட்டையை அலகில் கவ்விக்கொண்டு போனது. பின்னாலேயே இன்னொன்று வந்தது. நாங்கள் கையைத் தட்டினோம், கத்தினோம். கத்தக் கத்தத் தாய்ப்பறவைகள் இன்னும் தூரம் போயின. துடுப்பு போட்டு வெளியே வந்த பிறகுதான் அவை திரும்பின. அந்த முட்டைகள் போனது எங்களால்தான். எண்ண வந்தவர்களே எண்ணிக்கையைக் குறைத்துவிட்டுப் போனோம். அன்றைய ஏட்டை இன்னும் வைத்திருக்கிறோம். புதிதாக வருபவர்களுக்கு முதலில் காட்டுவது அந்தப் பக்கத்தைத்தான்.

காக்கை மட்டும் இல்லை. பெற்றவை எழுந்துவிட்டால் வெயில் முட்டையின் மேல் நேராக விழும். கொஞ்சம் வளர்ந்த குஞ்சுகள் பயத்தில் கூட்டை விட்டுக் கிளைகளில் ஏறும், தவறி விழுந்தால் கீழே உப்புத் தண்ணீர். கொக்குக் குஞ்சுகள் பயந்தால் வயிற்றில் இருப்பதைக் கக்கிவிடும். தாய் அரை நாள் அலைந்து கொண்டுவந்து ஊட்டிய மீன் அது.

ஆகவே கவனிக்க வேண்டியது இதுதான். கழுத்தைச் சுருக்கி உட்கார்ந்திருக்கும் பறவை கழுத்தை நீட்டி உங்களைப் பார்க்கிறதா, அங்கேயே நில்லுங்கள். எழுந்து நின்றுவிட்டதா, பின்வாங்குங்கள். ஒன்று பறந்தாலும் அன்றைக்கு அந்த மரத்தின் எண்ணிக்கை முடிந்தது. ஏட்டில் "பாதியில் நிறுத்தினோம்" என்று எழுதிவிட்டுத் திரும்புங்கள். காலை ஆறரையிலிருந்து ஒன்பது வரைக்குள் முடித்துவிட வேண்டும். மழையிலும், வாடை பலமாக அடிக்கும்போதும் போகவே கூடாது.

மோட்டார் படகில் போகலாமா?

கூடாது. கால்வாய்க்குள் துடுப்புதான்.

ட்ரோன் வைத்திருக்கிறேன். மேலே இருந்து படம் எடுத்தால் எளிதாக இருக்குமே?

காட்டின் மேல் ட்ரோன் விட வனத்துறை அனுமதி வேண்டும். அனுமதி கிடைத்தாலும் நாங்கள் இந்தக் குடியிருப்புகளில் அதை விடுவதில்லை. மேலே வட்டமிடும் எதையும் பருந்து என்றுதான் கொக்கு நினைக்கும். அது போக, மடையானும் வக்காவும் இலைக்கு அடியில் கூடு வைப்பவை. மேலிருந்து எடுத்த படத்தில் அவை பாதி தெரியாது.

இரண்டு பேர் எண்ணினால் இரண்டு எண் வருகிறது. எதை எழுதுவது?

இரண்டையும். வித்தியாசம் வருவது தவறு இல்லை, அது ஒரு தகவல்.

நாங்கள் செய்வது இப்படி. ஒரே இடத்தில் நின்று இரண்டு பேர் தனித்தனியாக எண்ணுவார்கள். பேசிக்கொள்ளக் கூடாது. ஒவ்வொருவரும் தாளில் மரத்தை வரைந்து, கூடு இருக்கும் இடத்தில் புள்ளி வைப்பார்கள். பிறகு இரண்டு தாளையும் ஒப்பிட்டு, இருவரும் பார்த்த கூடுகள் எத்தனை என்று எடுப்போம். உதாரணத்துக்கு ஒருவர் 40 கூடு பார்த்தார், இன்னொருவர் 36 பார்த்தார், இருவர் தாளிலும் இருப்பவை 30 என்று வைத்துக்கொள்ளுங்கள். 40ஐ 36ஆல் பெருக்கி 30ஆல் வகுத்தால் 48. அந்த மரத்தில் ஏறக்குறைய 48 கூடு இருந்திருக்கலாம். இருவர் கண்ணிலும் படாத கூட்டுக்கும் இதில் ஒரு இடம் கிடைத்துவிடுகிறது. இலைக்குள் ஆழமாக மறைந்த கூடு இரண்டு பேருக்குமே தெரியாது என்பதால், உண்மை இதைவிடக் கொஞ்சம் கூடவே இருக்கும்.

தயவுசெய்து இருவரும் பேசி ஒரு நடு எண்ணுக்கு வந்துவிடாதீர்கள். பெரியவர் சொன்னதால் சின்னவர் தன் எண்ணை மாற்றுவதும் நடக்கும். அதனால்தான் தாளை வாங்கும் வரை பேசக்கூடாது என்று பிடிவாதமாக இருக்கிறோம்.

மாலையில் கூட்டம் கூட்டமாக வந்து அடையும் பறவைகளை எப்படி எண்ணுவது? கண் ஓடவே மாட்டேன் என்கிறது.

வீட்டிலேயே பழகலாம். கறுப்புத் துணியை விரித்து அதில் ஒரு கைப்பிடி அரிசியை வீசுங்கள். மூன்று வினாடி பார்த்துவிட்டு எத்தனை என்று சொல்லுங்கள். பிறகு ஒவ்வொன்றாக எண்ணிப் பாருங்கள். முதல் நாள் பாதிதான் சொல்வீர்கள், எல்லோரும் அப்படித்தான். பத்துப் பத்தாகக் கண்ணால் வெட்டப் பழகினால் ஒரு வாரத்தில் கிட்டத்தட்டச் சரியாக வந்துவிடும்.

களத்தில், சூரியன் மறைய ஒரு மணி நேரம் முன்னதாகவே நின்றுகொள்ளுங்கள். ஒருவருக்கு ஒரு திசை. பறவை தலைக்கு மேலே ஒரு கோட்டைத் தாண்டும்போது மட்டும் எண்ண வேண்டும், மரத்தில் உட்கார்ந்த பிறகு எண்ணக்கூடாது. கால் மணிக்கு ஒரு வரி எழுதுங்கள். வெள்ளைக்கொக்குகள் அடையும் அதே நேரத்தில் வக்காக்கள் இரை தேடக் கிளம்பும், அதற்குத் தனிப் பத்தி.

மணல்திட்டில் இருக்கும் ஆலாக்களை எண்ண எந்த நேரம் நல்லது?

ஓதம், அதாவது கடல்நீர் மட்டம், ஏறி நிற்கும்போது. தண்ணீர் வற்றினால் சேறு வெளியே தெரியும், பறவைகள் இரை தேடிச் சிதறிவிடும். ஏறிய நேரத்தில் நிற்க இடமில்லாமல் திட்டின் மேட்டில் வந்து ஒன்றுகூடும். நம் கரையில் ஓதத்தின் ஏற்ற இறக்கம் ஒரு மீட்டருக்குள்தான், ஆனால் தட்டையான சேற்றில் அது பெரிய பரப்பு. அதனால் ஏட்டில் மணி மட்டும் எழுதாமல், ஓதம் ஏறுகிறதா வற்றுகிறதா என்பதையும் எழுதுங்கள். அது இல்லாத எண்ணைப் போன வருஷத்து எண்ணோடு ஒப்பிடவே முடியாது.

கோடையில் மணலில் நடக்கும்போது காலடியைப் பாருங்கள். சிறு ஆலா போன்றவை மணலில் சின்னக் குழி பறித்து, எதுவும் விரிக்காமல் முட்டையிடும். மணல் நிறத்திலேயே புள்ளி போட்ட முட்டை. மிதித்த பிறகுதான் தெரியும்.

ஒரு பறவையும் இல்லை என்றால் என்ன எழுதுவது?

0 என்று எழுதுங்கள். வெறும் இடமாக விடாதீர்கள். போகாத நாளும் வெற்றிடம், போய் ஒன்றும் இல்லாத நாளும் வெற்றிடம் என்றால், பத்து வருஷம் கழித்துப் பார்ப்பவருக்கு இரண்டும் ஒன்றுபோலத்தான் தெரியும். காலையில் நான்கு மணிக்கு எழுந்து போய்ச் சுழியம் எழுதிவிட்டு வருவது கஷ்டம்தான். அதைச் செய்யும் தொண்டர்களைத்தான் நாங்கள் பெரிதாக மதிக்கிறோம்.

போன வருஷத்தைவிடப் பாதிதான் இருக்கிறது. பறவைகள் அழிகின்றனவா?

ஒரு வருஷத்தை வைத்துச் சொல்ல முடியாது. கொக்குகள் இடம் மாறும். ஒரு மரத்தில் பாதியாகக் குறைந்தவை நான்கு கிலோமீட்டர் தள்ளி ஊருக்குள் ஒரு புளியமரத்தில் குடியேறியிருக்கலாம். 2011 டிசம்பர் 30இல் தானே புயல் கடலூருக்கும் புதுச்சேரிக்கும் நடுவில் கரையேறியபோது பண்ருட்டிப் பக்கம் பலாவும் முந்திரியும் மட்டுமா விழுந்தன? கொக்கு அடையும் பெரிய மரங்களும்தான். 2024 நவம்பர் 30இல் ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரை தொட்டது, கூடு தொடங்கும் பருவத்தில். அப்படிப்பட்ட ஆண்டில் எண் குறைந்தால் அதற்கான காரணமும் ஏட்டிலேயே இருக்க வேண்டும்.

ஆனால் எல்லாவற்றையும் புயல் மேல் போட்டுவிடவும் கூடாது. எந்த இனம் குறைந்தது என்று பாருங்கள். உண்ணிக்கொக்கு வயலில் மாட்டின் பின்னாலும் டிராக்டரின் பின்னாலும் நடந்து பூச்சி தின்பது. சின்ன வெள்ளைக்கொக்கு கழிமுகத்து ஆழமில்லாத தண்ணீரில் மீன் பிடிப்பது. முன்னது மட்டும் குறைந்தால் சம்பா வயலில் என்ன நடந்தது, என்ன மருந்து அடித்தார்கள் என்று விசாரிக்க வேண்டும். பின்னது மட்டும் குறைந்தால் வாய்க்கால் தூர்ந்ததா, முகத்துவாரம் அடைத்ததா என்று பார்க்க வேண்டும். இந்தக் காட்டுக்கு அந்த அனுபவம் உண்டு. முன்பு ஒரு காலத்தில் மரங்களைப் பத்தி பத்தியாக மொத்தமாக வெட்டினார்கள். வெட்டிய இடம் பள்ளமாகி, தண்ணீர் தேங்கி, உப்பேறி, புதுச் செடி முளைக்கவில்லை. பிறகு மீன்முள் வடிவத்தில் வாய்க்கால் வெட்டி ஓதத் தண்ணீரை உள்ளே விட்ட பிறகுதான் அங்கே மறுபடி பச்சை தெரிந்தது. எல்லாப் பறவையையும் ஒன்றாகக் கூட்டி ஒரே எண் சொன்னால் இந்தச் செய்தி எதுவும் கிடைக்காது.

அனுமதி வாங்க வேண்டுமா?

ஆம். பிச்சாவரம் காப்புக்காடு. சுற்றுலாப் படகுத் துறையில் சீட்டு வாங்கியவர் கணக்கெடுக்கப் போய்விட முடியாது, வனத்துறையிடம் எழுதிக் கேட்க வேண்டும். நாங்கள் குழுவாக வாங்கிவிடுகிறோம், உங்கள் அடையாள அட்டை நகல் போதும். புதுச்சேரிப் பக்கத்து ஊசுட்டேரியில் எண்ணப் போனாலும் அனுமதி வேண்டும்; அது புதுச்சேரி அரசு 2008இல் சரணாலயமாக அறிவித்த இடம். ஏரியின் ஒரு பகுதி தமிழ்நாட்டில் இருப்பதால் எந்தக் கரையில் நிற்கிறீர்களோ அந்தப் பக்கத்து வனத்துறையைக் கேட்க வேண்டும். ஒன்றை நினைவில் வையுங்கள்: 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தில், முட்டையையோ கூட்டையோ கலைப்பதும் வேட்டை என்ற சொல்லுக்குள் வருகிறது.

குஞ்சு கீழே விழுந்து கிடந்தால் தூக்கி வரலாமா?

வேண்டாம். கிளையில் தொற்றி ஏறத் தெரிந்த குஞ்சாக இருக்கலாம், தாய் அங்கேயே வந்து ஊட்டும். நாம் விலகினால்தான் வரும். அடிபட்டிருந்தால் வனத்துறைக்குச் சொல்லுங்கள். தங்கூஸ் நரம்பு (மீன்பிடி நைலான் இழை) காலிலோ இறக்கையிலோ சிக்கிய பறவையைக் கண்டாலும் இழுக்காதீர்கள், சதை அறுந்துவிடும். செத்துக் கிடப்பதைத் தொடவே கூடாது. பல பறவைகள் ஒரே இடத்தில் செத்திருந்தால் படம் எடுத்து, இடம் குறித்து, வனத்துறைக்கும் கால்நடைத் துறைக்கும் அன்றைக்கே தெரிவிக்க வேண்டும். பறவைக் காய்ச்சலாக இருக்கக்கூடும்.

கூடு இருக்கும் இடத்தைப் படத்தோடு வாட்ஸ்அப்பில் போடலாமா?

குஞ்சுகள் பறந்து போகும் வரை போடாதீர்கள். நீங்கள் நல்ல எண்ணத்தில் போட்ட படத்தைப் பார்த்து அடுத்த ஞாயிறு பத்துப் படகு வரும். எண்ணிக்கையைப் பொதுவாகச் சொல்லுங்கள், இடத்தைச் சொல்ல வேண்டாம்.

பொங்கல் கணக்கெடுப்பும் இதுவும் ஒன்றா?

இல்லை. 2015 முதல் ஜனவரியில் பொங்கலை ஒட்டி நடக்கும் பொங்கல் பறவைகள் கணக்கெடுப்பில் எங்கிருந்தும், மொட்டை மாடியிலிருந்துகூட, யாரும் சேரலாம். ஆசிய நீர்ப்பறவைக் கணக்கெடுப்பு 1987 முதல் ஒவ்வொரு ஜனவரியிலும் நடக்கிறது. இரண்டிலும் கலந்துகொள்ளுங்கள், நல்ல பயிற்சி. எங்கள் வேலை கூடுகளைப் பருவம் முழுக்கத் தொடர்வது.

பறவை பெயரே சரியாகத் தெரியாது. வந்தால் பயன்படுவேனா?

கண்டிப்பாக. படகில் ஒருவர் எண்ணினால் ஒருவர் எழுத வேண்டும். எண்ணுபவர் கண்ணைத் தொலைநோக்கியிலிருந்து எடுக்காமல் "சின்னக்கொக்கு ரெண்டு, வக்கா ஒண்ணு, சந்தேகம் ஒண்ணு" என்று சொல்லிக்கொண்டே போவார். தவறாமல் எழுதிக்கொள்ள ஆள் இருந்தால் வேலை பாதி குறையும். பேனா வேண்டாம், மழைத் துளி பட்டால் அழிந்துவிடும். பென்சில் இரண்டு எடுத்து வாருங்கள்.

அப்புறம், துடுப்பு போடுபவரிடம் பேசுங்கள். இந்தக் கால்வாய்களில் கையால் தடவி இறால் பிடித்தே வளர்ந்த இருளர் குடும்பங்களிலிருந்து சிலர் எங்களோடு வருகிறார்கள். எங்களுக்கு இருப்பது சில வருஷத்து ஏடு, அவர்களுக்கு இருப்பது பாட்டன் காலத்து நினைவு. எந்தத் திட்டில் முன்பு நீர்க்காகம் இருந்தது, எந்த வாய்க்கால் எப்போது தூர்ந்தது என்று அவர்கள் சொல்வதைத் தனி ஏட்டில் எழுதுகிறோம், சொன்னவர் சம்மதத்தோடு.

வெளிர் பச்சை, காக்கி, பழுப்பு நிறச் சட்டை போடுங்கள், வெள்ளையும் சிவப்பும் வேண்டாம். தொப்பி, தண்ணீர், மாற்றுத் துணி எடுத்துக்கொள்ளுங்கள். உயிர்காப்பு அங்கி நாங்கள் தருவோம், அதைப் போடாமல் யாரையும் ஏற்ற மாட்டோம். காலை ஐந்தே முக்காலுக்குப் படகுத் துறையில் இருங்கள். ஆறுக்குத் தோணி கிளம்பிவிடும்.